மாற்றப்படாத குழாய்

யந்திரம் ஒரே நாளிற் கெடுவதில்லை; அதைப் பேணும் கடமை முன்பே கைவிடப்பட்டிருக்கும். போபால் நகரின் வரலாறு இதற்குச் சான்று.

1984 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு, அங்குள்ள யூனியன் கார்பைட் ஆலையின் 610ஆம் இலக்கத் தாங்கியினுள் நீர் புகுந்தது. ஏறத்தாழ 40 தொன் மெதைல் ஐசோசயனேற்று நச்சு வாயுவாகி, உறங்கிக் கிடந்த குடிசைகளின்மீது கவிந்தது. நாசவேலை என்றது கம்பனி. அவ்வாறே கொண்டாலும், காவல் நிற்க வேண்டிய சாதனங்கள் எங்கே போயின? தாங்கியைக் குளிர்விக்கும் பொறி மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம், அரித்துப்போன குழாய்த்துண்டு ஒன்று மாற்றப்படாமையால் இணைப்பற்று நின்றது. இரவு வேலைக்குரிய பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவியும் செலவைச் சுருக்கும்பொருட்டு நீக்கப்பட்டிருந்தது.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. 1981 டிசெம்பரில் பொஸ்ஜீன் வாயு ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்தது, தொழிற்சங்கம் குரலெழுப்பியது. 1982இல் அமெரிக்காவிலிருந்து வந்த கம்பனியின் சோதனையாளரே குறைகளை நிரைப்படுத்தி அறிக்கை அளித்தனர்.

அரசாங்கக் கணக்கின்படியே மாண்டோர் ஆயிரக்கணக்கானோர். 1989இல் 47 கோடி டொலரோடு கம்பனி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இலாபக் கணக்கில் முதலில் வெட்டப்படுவது பராமரிப்புச் செலவே. அக்கணக்கை எழுதுபவர் யந்திரத்தினருகே நிற்பதில்லை. நிற்கும் தொழிலாளிக்கோ, பழுதான யந்திரத்தை நிறுத்தும் உரிமை இல்லை. அவ்வுரிமையை வென்றெடுப்பதே போபால் நமக்கு விட்டுச்சென்ற பணி.