பம்பாயில் வீழ்ந்த கரவெல் விமானம்

அரநாயக்க முதல் மஸ்கெலியா வரை, மலைத்தோட்டங்களில் விமான விபத்து என்றதும் நினைவுக்கு வருவது 1974 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாளே. அன்றிரவு ஹஜ் யாத்திரிகரைச் சுமந்து வந்த ஒல்லாந்து விமானம் சப்தகன்னியர் மலையில் மோதி 191 பேர் மாண்டனர். ஆயின் அதன் பொறிகள் பழுதுற்றில. தாம் பறக்கும் இடத்தை ஓட்டுநர் பிறழக் கணித்தமையே கேடாயிற்று. புறப்பட்ட சில நிமிடங்களிற் பொறி கெட்டு வீழ்தல் வேறொரு வகையினது. அதற்குத் தக்க சான்று, ஈராண்டு கழித்துச் சென்னை நோக்கி எழுந்த ஒரு விமானத்தின் வரலாறாகும்.

1976 அக்டோபர் 12 ஆம் நாள் பின்னிரவில், இந்தியன் எயர்லைன்சின் 171 ஆம் இலக்கப் பயணம் பம்பாயிலே தொடங்கிற்று. அதற்கெனக் குறித்திருந்த போயிங் 737 பொறிக்கோளாறால் நின்றுவிட, மாற்றாக வந்ததே இக்கரவெல். விதியின் விளையாட்டென்று இதனைக் கூறுவாருளர். விமானத்திலிருந்த 95 பேரும் மாண்டனர்; 'பத்ரகாளி' திரைப்படத்தில் நடித்துவந்த ராணி சந்திராவும் அவருள் ஒருவர்.

இரு பொறியுடைய பயணி விமானம், ஒன்று நின்றாலும் மற்றதன் வலியால் மேலேறவேண்டும் என்பது விதி. ஓடுபாதையிற் குறித்த வேகத்தைக் கடந்தபின் பொறி கெடினும் ஓட்டுநர் நிறுத்தலாகாது. எழுந்து, சுற்றித் திரும்பி இறங்குதல் வேண்டும். கரவெல்லும் திரும்பவே முயன்றது. அங்ஙனமாயின் வீழ்ந்தது ஏன்?

பொறியின் காற்றமுக்கியிலுள்ள பத்தாம் தட்டில், உலோக இளைப்பினால் வெடிப்பொன்று உண்டாகியிருந்தது. தட்டு சிதறவே, துண்டுகள் பொறியின் உறையைக் கிழித்து எரிபொருட் குழாயை அறுத்தன. தீ மூண்டது. சுக்கான்களை இயக்கும் எண்ணெயும் தீர்ந்துபோயிற்று. ஓடுபாதையை அணுகும் வேளையில், ஆள்வார் கைக்கு அடங்காது விமானம் தலைகீழாய்ப் பாய்ந்தது. எனவே, தள்ளுவிசை குன்றியதால் வீழ்ந்தது என்றல் பொருந்தாது; ஆளுகை அற்றதே காரணம். 'பொறிக்கோளாறு' என்னும் ஒரு சொல்லால் இதனை எழுதிச் செல்வோர் பாதி உண்மையையே கூறுகின்றனர்.

1989 ஜூலை 19 இல் அமெரிக்காவில் யுனைட்டெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்துக்கும் இவ்வாறே நேர்ந்தது. வாற்பொறியின் தட்டு சிதறி, எண்ணெய்க் குழாய்த் தொகுதிகள் மூன்றும் பயனிழந்தன. ஆயினும் 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். அவ்விமானம் அப்பொழுது 37,000 அடி உயரத்தில் இருந்தது. எஞ்சிய பொறிகளின் விசையைக் கூட்டியும் குறைத்தும் வழிகாண ஓட்டுநர்க்கு 44 நிமிடங்கள் கிடைத்தன. பம்பாய்க் கரவெல்லுக்கு அவ்வுயரமும் இல்லை, அந்நேரமும் இல்லை.

2025 ஜூன் 12 இல் அகமதாபாத்தில் எழுந்த எயர் இந்தியா விமானத்தின் இலக்கமும் 171. எண்ணின் ஒற்றுமையை வைத்து ஆராய்வதாற் பயனில்லை, காரணங்கள் வேறு. அதன் பொறிகள் சிதறவில்லை. நிலத்தை விட்டு மூன்று வினாடியளவில், எரிபொருள் ஆளிகள் இரண்டும் ஒரு வினாடி இடைவெளியில் அடைபட்டன என்று அடுத்த மாதம் வெளிவந்த முதனிலை அறிக்கை கூறிற்று. ஏன் அடைத்தீர் என ஓட்டுநர் ஒருவர் வினவ, நான் அடைக்கவில்லை என்றார் மற்றவர். பத்து வினாடியில் ஓர் ஆளியும், மேலும் நான்கு வினாடியில் மற்றதும் திறக்கப்பட்டன. பொறிகள் மீளப் பற்றவுந் தொடங்கின. ஆயின் எழுந்தது முதல் வீழ்ந்தது வரை கழிந்த காலம் 32 வினாடியே. நிலத்திலிருந்தோர் உட்பட 260 பேர் இறந்தனர்.