பாலைக் குடிக்க மறுத்தவர்கள்

ஃப்ரோசன் யோகர்ட் கடைக்குப் போயிருக்கிறீர்களா? நம்மூர் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால், வாரக்கடைசியில் இங்கே போய் நிற்கிற இடம் அது. சுவரில் வரிசையாகக் குழாய்கள், ஆளுக்கொரு காகிதக் கோப்பை. வேண்டியதை வேண்டிய அளவு நாமே பிடித்துக்கொள்ளலாம். மேலே பழம், முந்திரி, சாக்லேட் என்று இஷ்டம் போலத் தூவிக்கொள்ளலாம். கடைசியில் தராசில் வைத்து எடைக்குக் காசு.

சரக்கு ஒன்றும் புதிதில்லை. 1970களிலேயே அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கம் 'ஃப்ரோகர்ட்' என்று விற்றார்கள். 1981ல் டிசிபிஒய் வந்தது. ஆனால் அப்போதெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்தான் பிடித்துக் கொடுப்பார். 2006ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் யோகர்ட்லேண்ட் மாதிரிக் கடைகள் வந்த பிறகுதான் குழாய் வாடிக்கையாளர் கைக்கு மாறியது. 'இது போதும்', 'இது வேண்டாம்' என்று நாமே முடிவு செய்வதில் ஒரு தனி சந்தோஷம், அதுதான் வியாபார ரகசியம்.

எனக்குச் சொந்த ஊர் போர்ட் பிளேர் (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம்). பாலைப் பற்றியும் 'வேண்டாம்' என்பதைப் பற்றியும் எங்கள் தீவில் வேறொரு கதை உண்டு.

அந்தமானில் இயற்கையாக ஆடு மாடு கிடையாது. ஆதிகுடிகள் வேட்டையாடி, மீன் பிடித்து, தேன் எடுத்து வாழ்ந்தவர்கள். பால், தயிர் எல்லாம் அவர்கள் உணவிலேயே இல்லை. 1858 மார்ச்சில் டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். மாடு, தென்னந்தோப்பு எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்து பெருக்கியவை. (பால் பவுடர் இன்றைக்கும் கப்பலில்தான் வருகிறது. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம்.)

1896ல் தொடங்கி 1906ல் முடிந்தது செல்லுலார் ஜெயில். ஏழு சிறகுகள், மூன்று மாடி, 700க்குக் கொஞ்சம் குறைவான தனி அறைகள். அங்கேயும் ஒரு தராசு இருந்தது. செக்கில் மாட்டைப் போல மனிதனைப் பூட்டி, நாளுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டச் சொல்வார்கள். சாயங்காலம் எடை பார்ப்பார்கள். குறைந்தால் விலங்கு, அடி, பட்டினி.

1921 வாக்கில் அரசியல் கைதிகளைத் திருப்பி அனுப்பிவிட்ட அரசு, 1932ல் மறுபடி அனுப்பத் தொடங்கியது. வந்தவர்கள் கேட்டது நல்ல சாப்பாடு, அறைக்கு விளக்கு, படிக்கப் புத்தகம், பத்திரிகை. கிடைக்கவில்லை. 1933 மே 12ல் உண்ணாவிரதம் ஆரம்பித்தார்கள்.

சிறை நிர்வாகம் கையில் எடுத்த ஆயுதம், பால்! ஆளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு வழியாக ரப்பர் குழாயைச் செருகிப் பாலை ஊற்றினார்கள். திமிறும்போது குழாய் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போனால், பால் நேராக நுரையீரலில் இறங்கும். பகத் சிங்கின் தோழர் மகாவீர் சிங் மே 17ல் அப்படித்தான் இறந்தார். அதே பலவந்தத்தில் மோகன் கிஷோர் நாமதாஸ் மே 26லும், மோஹித் மைத்ரா மே 28லும் போய்ச் சேர்ந்தார்கள். உடல்களைக் கல்லைக் கட்டிக் கடலில் போட்டார்கள்.

அப்படியும் உண்ணாவிரதம் நிற்கவில்லை. 46 நாள் கழித்து, ஜூன் 26ல், நிர்வாகம் இறங்கி வந்தது. விளக்கு வந்தது, புத்தகம் வந்தது. அதன் பிறகு சிறை ஒரு படிப்பு வட்டமாகவே மாறிப்போனது. 1937 ஜூலையில் இன்னொரு உண்ணாவிரதம், இந்த முறை தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி. 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் எல்லோரும் கரை திரும்பிவிட்டார்கள்.

உயிரைக் காப்பாற்றத்தானே பால் ஊற்றினார்கள் என்று கேட்கத் தோன்றலாம். பிரிட்டனில் ஓட்டுரிமை கேட்ட பெண்களுக்கு 1909லிருந்து குழாய் போட்டபோதும் இதையேதான் சொன்னார்கள். உலக மருத்துவச் சங்கம் 1975ல் டோக்கியோவிலும் 1991ல் மால்டாவிலும் தெளிவாகச் சொல்லிவிட்டது: விளைவைப் புரிந்துகொண்டு, தன் நினைவோடு உணவை மறுக்கும் கைதிக்கு டாக்டர் பலவந்தமாக ஊட்டக்கூடாது. எல்லாம் பறிபோன ஒருவனிடம் கடைசியாக மிஞ்சுவது அவன் வாய் மட்டும்தான். அதைத் திறப்பதா மூடுவதா என்பதையும் இன்னொருவர் தீர்மானித்தால் அவனிடம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் இந்த மூவருக்கும் சிலை இருக்கிறது. அந்தமானுக்கு வருகிறவர்கள் ஒலி-ஒளிக் காட்சிக்கு டிக்கெட் வாங்கும் அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் போனால் ஐந்து நிமிடம் நின்று அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.