ஸ்ரீ: ஒரே எழுத்து, ரெண்டு முகவரி

இந்த எபிசோடை ஒரு கவுன்ட்டர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மாவோட பழைய பதிவு ஒண்ணு தேவைப்பட்டுச்சு. அம்மா பேர் ஸ்ரீதேவி. கவுன்ட்டர்ல இருந்தவர் டைப் பண்ணிப் பார்த்துட்டு, "இந்தப் பேர்ல யாருமே இல்லையேம்மா" என்றார். அம்மா கையில அதே அலுவலகம் பிரின்ட் போட்டுக் கொடுத்த தாள் இருந்தது. மூணாவது தடவை போனப்போ, "வெறும் 'தேவி'ன்னு தேடிப் பாருங்க சார்"னு நான் சொன்னேன். உடனே வந்துடுச்சு.

'பதிவு இல்லை'ன்னு அவங்க முன்னாடி அனுப்பின மெயில்லயும் அம்மா பேர் இருந்தது, இப்போ கிடைச்ச நகல்லயும் இருந்தது. ரெண்டையும் காப்பி பண்ணி பைத்தான்ல போட்டேன். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பைத்தான் மட்டும் 'சமமில்லை'ன்னு சொன்னது.

மயிலாப்பூர் மாட வீதிகள்ல நடந்தா போர்டுக்கு போர்டு ஸ்ரீ. அதை எழுதின பெயின்டருக்கு வடிவம் தெரிஞ்சா போதும். கணினிக்கு வடிவமே தெரியாது, எண் வரிசை மட்டும்தான் தெரியும். பழைய பதிவுல இருந்த 'ஸ்ரீ' 3000, 3021, 2992, 3008. அதாவது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. மெயில்ல இருந்த 'ஶ்ரீ' 2998, 3021, 2992, 3008. முதல் எண் மட்டும் வேற.

2998 யாரு? அதுதான் 'ஶ' என்கிற கிரந்த எழுத்து. அது வந்த கதை சுவாரசியமானது. 1991-ல யூனிகோட் முதல் பதிப்பு வந்தப்போ, இந்திய மொழிகளுக்கான பகுதியை 'இஸ்கி' என்கிற இந்தியத் தரத்தை வெச்சு அமைச்சாங்க. எல்லா எழுத்துமுறைக்கும் ஒரே வரிசை. தேவநாகரி எண்ணோட 640 கூட்டினா தமிழ் எண். தமிழ்ல புழக்கத்துல இல்லாத எழுத்துக்கு அந்த இடம் காலி. அதனாலதான் 'க' 2965-லயும் 'ங' 2969-லயும் இருக்கு. நடுவுல மூணு காலி வீடு.

அப்படித்தான் 'வ'வுக்கும் 'ஷ'வுக்கும் நடுவுல 2998 காலியா கிடந்தது. ஆனா ஸ்ரீ எழுதணுமே? பக்கத்துல இருந்த 'ஸ'வை வெச்சு ஒப்பேத்தினாங்க. வடமொழி உச்சரிப்புப்படி அந்தக் கூட்டெழுத்துக்குள்ள இருக்கிறது ஶ தான், ஸ இல்லை. 2005-ல யூனிகோட் 4.1 வந்து 'ஶ'வை 2998-ல குடி வெச்சது. அதுல இருந்து 'ஶ'வுல ஆரம்பிக்கிற வரிசைதான் பொருத்தமானது. ஆனா அதுக்குள்ள 14 வருஷத்து ஸ்ரீக்கள் பழைய எண்ணோட பதிவாகியிருந்தன. கீபோர்டுகளும் ஒரே நாள்ல மாறல. இன்னிக்கும் ரெண்டும் புழங்குது.

'நார்மலைஸ் பண்ணினா சரியாயிடுமே'ன்னு டெவலப்பர் நண்பர்கள் கேட்பீங்க. ஆகாது. 'கொ'வை ஒற்றைக் குறியா அடிச்சாலும், ஒற்றைக் கொம்பு, கால்னு தனித்தனியா அடிச்சாலும் நார்மலைசேஷன் ஒண்ணாக்கிடும். ஆனா ஸ, ஶ ரெண்டும் தனித்தனி எழுத்துகள். ஸ்ரீங்கிற கூட்டெழுத்துல மட்டும்தான் ஒரே உருவத்துல வந்து நிக்குது. அதோட, இருக்கிற எழுத்துகளோட நார்மலைசேஷனைப் பின்னாடி மாத்துறதில்லைன்னு யூனிகோட் உறுதி கொடுத்திருக்கு. அதனால, ரெண்டு வரிசையையும் சமமா நடத்துங்கன்னு அதோட தர ஆவணம் பரிந்துரை மட்டும் பண்ணுது. செய்ய வேண்டியது நாமதான்.

நான் எழுதுற தேடல்ல இப்போ ஒரு வரி சேர்த்திருக்கேன். ஒப்பிடும்போது மட்டும், அந்த நாலு எண் வரிசை முழுசா வந்தா ரெண்டையும் ஒண்ணாக்கும். சேமிச்ச பேரைத் தொடாது. தனியா வர்ற 'ஶ'வையும் தொடாது.

உங்க ஆப்ல தமிழ்ப் பேர் தேடுற வசதி இருந்தா, இன்னிக்கே ரெண்டு விதமாவும் ஸ்ரீ அடிச்சுப் பாருங்க. ஒண்ணு வந்து இன்னொண்ணு வரலைன்னா, எங்கேயோ ஒரு கவுன்ட்டர்ல ஒரு அம்மா கையில தாளோட நின்னுட்டிருக்காங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.