ஒரே வருடத்தில் இரண்டு சேதி

1952. லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் செல் தன்மையைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அது முதன்முதலாகப் பதிவானது அந்த வருடம்தான். சிவப்பணு அரிவாளாக வளைந்து, ரத்தக்குழாயை அடைத்து, உயிர் போகிற மாதிரி வலிக்கும் பரம்பரை நோய். கூடலூர்ப் பணியர்களிடம் இன்றும் உண்டு.

அதே வருடம், அமெரிக்காவில் லெடர்பெர்க் ‘பிளாஸ்மிட்’ என்று பெயர் சூட்டினார். பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் குட்டி டி.என்.ஏ. வளையம் அது! 1973-ல் கோஹனும் போயரும் அதை வெட்டி, வேறு ஜீனை ஒட்டினார்கள். பாக்டீரியா பெருகப் பெருக ஜீனும் பெருகியது.

நோயும் வளையமும் சந்தித்தது பிற்பாடு. 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த ‘லிஃப்ஜெனியா’வில், நல்ல ஜீனை நோயாளியின் ஸ்டெம் செல்லுக்குள் கொண்டுபோவது ஒரு வைரஸ். அந்த வைரஸைத் தயாரிக்க பிளாஸ்மிட் வேண்டும். விலை? 31 லட்சம் டாலர்!

பாக்டீரியாவுக்குள் வளையம் சல்லிசாகத்தான் பெருகுகிறது. கூடலூர் மலை ஏறத்தான் அதற்குக் காசு போதவில்லை.