கல்லறையருகே பாடும் மாணவர்கள்



அமெரிக்கக் கல்லூரிகள் பிப்ரவரி மாதத்தைக் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடுகின்றன. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரிலுள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திற்கோ தனக்கேயுரிய நாள் ஒன்று உண்டு. அது அக்டோபர் 6, யூபிலி நாள். அன்று மாணவர்கள் சிற்றாலயத்தில் கூடுகிறார்கள். பின்பு தங்கள் முன்னோடிப் பாடகர்களின் கல்லறைகளுக்குச் சென்று, அங்கே நின்று பாடுகிறார்கள்.

உள்நாட்டுப் போர் ஓய்ந்த சில மாதங்களில், 1866 ஜனவரியில், இராணுவ மருத்துவமனையாயிருந்த பழைய கொட்டகைகளில் அமெரிக்க மிஷனரி சங்கத்தார் இதனை ஒரு பள்ளியாகத் தொடங்கினர். நேற்றுவரை அடிமைகளாயிருந்தோர் வந்து குவிந்தனர். புத்தகம் வாங்கப் பணமில்லை. அடிமைகளை விற்குமுன் அடைத்துவைத்த கிடங்கில் கிடந்த துருப்பிடித்த கைவிலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் எழுத்துப் பயிற்சி நூல்களை வாங்கினார்களாம். இதை வாசித்த அன்று வேறெதையும் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

1871-ல் பள்ளி கடனில் மூழ்கி, மூடப்படும் நிலையை எட்டியது. பொருளாளரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட், 9 மாணவரை அழைத்துக்கொண்டு அக்டோபர் 6 அன்று பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். வழியில் சின்சினாட்டியில் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவே. அதையும் அப்போது தீக்கிரையான சிகாகோ நகர மக்களுக்குக் கொடுத்துவிட்டனர்! கொலம்பஸ் நகரில் ஓர் இரவு ஜெபித்தபின், லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின் விடுதலை ஆண்டை நினைந்து, ஒயிட் அவர்களுக்கு யூபிலி பாடகர்கள் என்று பெயரிட்டார்.

தொடக்கத்தில் அவர்கள் மேடையில் முக்கியமாகப் பாடியது வெள்ளையர் பாடிவந்த பாடல்களையே. பெற்றோர் வயலிலும் இரகசிய ஜெபக் கூட்டங்களிலும் பாடிய அடிமைக்காலப் பாடல்களை அந்நியர் முன் பாட அவர்கள் துணியவில்லை. குழுவின் பியானோ இசைஞர் எலா ஷெப்பர்ட் அதன் காரணத்தைப் பின்னாளில் எழுதினார்: அப்பாடல்கள் அடிமைத்தனத்தின் இருண்ட நாட்களோடு பிணைந்தவை, பெற்றோருக்கோ அவை பரிசுத்தமானவை. எலா குழந்தையாயிருக்கையில் தந்தை 350 டாலர் கொடுத்து அவரை மீட்டார். தாயோ அடிமையாகவே நின்றுவிட்டார். அத்தகைய ஒருவர் அப்பாடல்களைக் கட்டணம் கொடுத்தோர் முன் பாடத் தயங்கியதை நாணம் என்று மட்டும் சொல்லிவிட என்னால் இயலாது.

அந்த நவம்பரில் ஒபர்லின் நகரில் சபைப் போதகர்களின் மாநாடு நடந்தது. இடைவேளையில் மாணவர்கள் தாழ்ந்த குரலில் ஓர் அடிமைப் பாடலைத் தொடங்கினர். பேசிக்கொண்டிருந்த போதகர்கள் வாயடைத்துப் போயினர். அதன்பின் அப்பாடல்களே குழுவின் அடையாளமாயின. 1873-ல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியார் முன்பும் பாடினர். ஆயினும் அமெரிக்காவில் பல விடுதிகள் அவர்களுக்கு இடம் மறுத்தன. ஓயாத பயணத்தில் பலரின் உடல்நலமும் குலைந்தது. அவர்கள் ஈட்டிய பணத்தால் எழும்பிய யூபிலி மாளிகை 1876-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அது இன்றும் அவ்வளாகத்தில் நிற்கிறது.

எலா ஷெப்பர்ட் 1914-ல் மரித்து, நாஷ்வில் நகரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டார். யூபிலி நாளில் இன்றைய மாணவர்கள் பாடுவது, அவர் ஒருகாலத்தில் மேடையேற்றத் தயங்கிய அதே பாடல்களைத்தான்.