அஞ்சுவோரும் நகைக்கப்படுவோரும்: கேலிச்சித்திர அச்சம் குறித்து

கோழைக் கார்ட்டூன் பாத்திரங்களை மனநோயாளிகளாக வாசிப்பது எளிது. கரேஜ் என்ற நாய்க்கு எதைக் கண்டாலும் ஃபோபியா என்று சொல்லிவிட்டால் ஆய்வு முடிந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆபத்தின் அளவை மீறி, மாதக்கணக்கில் நீடிக்கும் அச்சத்தையே மருத்துவம் ஃபோபியா என்கிறது. 1999இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடராக வந்த ஜான் டில்வொர்த்தின் கரேஜோ, உண்மையாகவே வீட்டுக்குள் புகுந்துவிட்ட பூதத்தைக் கண்டு நடுங்குகிறது. அதில் மிகை ஏது?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தை அஞ்சுபவனின் மனத்தில் தேடவில்லை; அதை விளைவிக்கும் பொருளில் தேடினார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அவை நான்கு. நகைக்கும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. செய்யுளுக்குச் சொன்னதைக் கார்ட்டூனுக்கு நீட்டலாமா? நீட்டினால் பலன் இருக்கிறது. 1969இல் தொடங்கிய, ஸ்கூபி டூ என்ற கோழை நாயின் கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுபவை: அணங்கெனத் தோன்றியது, முகமூடி கழன்றதும் கள்வனாகிவிடும். மாறுவது அச்சப்பொருள்தான், நாயின் மனமன்று. நம் வார இதழ்களின் மன்னர் நகைச்சுவையிலோ, பிறரை அஞ்சவைக்க வேண்டிய இறையே போர் என்றதும் பின்வாசலைத் தேடுகிறான். அங்கே சிரிப்பு எள்ளலில் பிறக்கிறது. 2006இல் சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ அதைத் திரைக்குக் கொண்டுவந்தது.

இப்பகுப்புக்குப் பிடிகொடுக்காதவர், ஆனந்த விகடனில் மதன் வரைந்த முன்ஜாக்கிரதை முத்தண்ணா. அவர் அஞ்சும் பொருள் இன்னும் வரவே இல்லை. நோய் என்ற சொல் ஓரளவேனும் ஒட்டுமென்றால் இவருக்குத்தான் ஒட்டும். ஆனால் குருசுக்குப்பத்தில் நின்று பார்த்தால் அதுவும் தளர்கிறது. புதுவை நகரின் வடகரையிலுள்ள இம்மீனவக் குப்பத்தில் முன்ஜாக்கிரதை தொழிலறிவு. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. எண்ணுக்குத் தக்க அச்சம் இங்கே முறையான அச்சம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, படகை இறக்காதவனைக் கோழை என்று யார் சொல்வார்? முத்தண்ணாவோ வெயில் காயும் நாளிலும் 10ஆம் எண் கூண்டை ஏற்றுபவர். அவர் அஞ்சுவதற்காக நாம் சிரிப்பதில்லை, அளவு தவறுவதற்காகச் சிரிக்கிறோம்.

அளவு கீழ்நோக்கியும் தவறலாம். முகமூடி மாட்டிக் கரேஜை மிரட்டும் கிழவர் யூஸ்டஸ், அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சாமல் அடிபடுகிறார்; பேதைமை அவர் பக்கம். கோசினியும் உடெர்சோவும் ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுச் சித்திரக்கதையைப் படைத்தது 1959இல். அந்த வரிசையில் 1966இல் தொடராக வந்த நார்மன்கள் கதையில், அச்சமே அறியாத அந்த வீரர்கள் அதைக் கற்றுக்கொள்ளக் கடல் கடந்து வருகிறார்கள். பயம் வந்தால் சிறகு முளைக்கும் என்று நம்பி. கற்றுக்கொடுப்பது ஆஸ்டெரிக்ஸின் ஊர்ப் பாணனின் சகிக்கமுடியாத பாட்டு. அவர்களால் கடத்தப்படும் நகரத்துக் கோழை இளைஞனைவிட, அஞ்சத் தெரியாத நார்மன்களே அக்கதையில் நகைப்புக்கு ஆளாகிறார்கள். மருத்துவப் பட்டியல் இவர்களுக்கு என்ன பெயர் வைக்குமோ. மெய்ப்பாட்டியலில் பேதைமை போதும்.