நாற்காலி காலியாகக் கிடந்த பத்தாண்டுகள்

2003இல் ஜார்ஜியாவில் ‘கமரா’ என்ற இளைஞர் இயக்கம் தெருவுக்கு வந்தது. ‘போதும்’ என்பது அந்தப் பெயரின் பொருள். தேர்தல் மோசடிக்கு எதிராகத் திரண்ட மக்களின் முன்வரிசையில் மாணவர்கள் நின்றார்கள். நவம்பர் 23 அன்று அதிபர் ஷெவர்ட்நாட்சே பதவி விலகினார்.

அதே ஆண்டில் நம் தமிழ்நாட்டின் நிலை என்ன? 1996 உள்ளாட்சித் தேர்தலில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் முறையான தலைவர் இல்லை. சேரி மக்களை மனு போடவிடவில்லை. பெயருக்கு ஒருவரை ஜெயிக்கவைத்து, உடனே ராஜினாமா வாங்கினார்கள். சட்டம் இருந்தது, வாக்குப்பெட்டி இருந்தது. ஆனால் கூலி தரும் நிலம் ஆதிக்க சாதியிடம் இருந்தது. 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது.

மேலவளவில் துணிந்து நின்று வென்றார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து அவரையும் தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தலைவர் பதவிக்கு நாம் கொடுத்த விலை அது.

இந்தக் காலத்தில்தான் நம் இளைஞர்களின் அரசியலும் மாறியது. மதுரையில் மலைச்சாமி தொடங்கி, 1990 முதல் திருமாவளவன் வழிநடத்திய சிறுத்தைகள் இயக்கம் தேர்தலைப் புறக்கணித்துவந்தது. 1999இல் அது தேர்தல் களத்துக்கு வந்தது. சிதம்பரத்தில் தோற்ற திருமாவளவன், 2009இல் அதே தொகுதியில் வென்றார்.

ஜார்ஜியாவில் எதிரி தலைநகரில் இருந்தார். நமக்கோ எதிர்ப்பு ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. ஆட்சி மாறினாலும் அது மாறுவதில்லை. 2020 சுதந்திர தினத்தில் ஆத்துப்பாக்கம் தலித் பெண் தலைவரைக் கொடியேற்றவிடவில்லை. நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்றுதான் நம் மக்கள் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தார்கள், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு.

ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊராட்சி ஒதுக்கீட்டு ஊராட்சியா? தலைவர் நாற்காலியில் உட்காருபவர் யார்? காசோலையில் கையெழுத்து யாருடையது, முடிவு யாருடையது? அடுத்த கிராம சபைக்குப் போங்கள். வரவு செலவைக் கேளுங்கள். முருகேசன் உயிரைக் கொடுத்து வாங்கிய நாற்காலியைப் பெயரளவுக்கு விட்டுவிடக் கூடாது.